பரிபாஷையும் பிரமாணமும்

சித்தூருக்கு அணித்தே, பாகுதா நதிக்கரையில், கிணற்றினுள் சுயம்புவாக எழுந்தருளியவர் என்று பக்தர்கள் போற்றும் காணிப்பாக்கம் வரசித்தி விநாயகரின் சந்நிதிக்கு, தமிழரும் தெலுங்கரும் ஒருங்கே வந்து, களவென்றும் கடனென்றும் தம்முள் மூண்ட வழக்குகளைத் திருக்குளத்தில் மூழ்கியெழுந்து சத்தியப் பிரமாணம் செய்து தீர்த்துக்கொள்வது நெடுநாளைய வழக்கம். சொன்ன சொல்லுக்குப் பின்னர் வேறொரு பொருள் கற்பித்துத் தப்பிக்க அங்கே இடமில்லை. பிரமாணம் என்னும் அந்தப் பதமே சபதத்தையும் குறித்து, அளவையும் ஆதாரத்தையும் குறித்து நிற்பதை அச்சந்நிதியில் நின்று எண்ணியபோது, உயிர்வேதியியலைத் தமிழில் கற்பிக்கவும் எழுதவும் முற்பட்ட நாம் ஆளும் பதங்களுக்கு அத்தகைய உறுதி இன்னும் வாய்க்கவில்லையே என்ற கவலையே மேலோங்கிற்று.

இந்த எல்லைப்புறத்தில் அக்கவலைக்கு இன்னொரு முகமும் உண்டு. 1960இல் திருத்தணி சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தது, சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. ஆனால் நோயாளிகளும் மாணவர்களும் இரு மொழிகளையும் கலந்தே பேசி வருகிறார்கள். நாம் புரதம் என்பதைத் தெலுங்கர் ‘மாம்ஸக்ருத்துலு’, அதாவது தசையை ஆக்குபவை, என்கிறார்கள். பருப்பையும் பயற்றையும் பற்றிப் பேசும்போதும் மாமிசத்தை நினைவூட்டும் அச்சொல்லினும், எவ்வித முன்முடிவையும் சுமக்காத ‘புரதம்’ நமக்குக் கிடைத்தது பாக்கியம் என்றே கருதுகிறோம். அவ்வாறே ‘நொதி’யும். குடத்தில் நுரைத்துப் பொங்கும் கள்ளை நினைவூட்டும் இச்சொல், ஈஸ்ட்டின் உள்ளே இருப்பது என்ற கருத்தில் 1870களில் கூனே என்ற ஜெர்மானிய அறிஞர் கிரேக்கத்திலிருந்து ஆக்கிய ‘என்சைம்’ என்ற பெயருக்கு இணையாக நிற்கத் தகுந்தது.

எல்லாச் சொற்களும் இவ்வளவு நன்கு அமையவில்லை. உயிரணுவின் சுவாசத்தை விளக்கும் ஆசிரியர், சைட்டோகுரோமில் உள்ள இரும்பு ‘ஆக்சிஜனேற்றம்’ அடைகிறது என்று சொன்னவுடன், கூர்மையுள்ள மாணவன் ஆக்சிஜன் எங்கே என்று கேட்கிறான். அவன் கேட்பது நியாயம். ஈரிணைதிற இரும்பு ஓர் எலக்ட்ரானை இழந்து மூவிணைதிற இரும்பாவதன்றி அங்கே வேறொன்றும் நிகழவில்லை; எலக்ட்ரான்கள் கைமாறிச் செல்லும் சங்கிலியின் கடைசியிலுள்ள சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் ஒன்றே ஆக்சிஜனைப் பற்றி, நான்கு எலக்ட்ரான்களை அதற்கு அளித்து, அதை நீராக்குகிறது. 1925இல் கெய்லின் என்ற அறிஞர், நீரில் கலந்த ஈஸ்டை நிறமாலைக் கருவியின் வழியே நோக்கி, காற்றுப் படும்படி குலுக்கும்போது கரும்பட்டைகள் மறைவதையும், சற்று நேரம் அசையாது வைத்தால் அவை மீள்வதையும் கண்டு, அந்நிறப்பொருளுக்குச் சைட்டோகுரோம் என்று பெயரிட்டபோது அவர் கண்ணால் கண்டது இந்த எலக்ட்ரான் பரிமாற்றத்தையே. இலங்கைத் தமிழர் ‘ஒட்சியேற்றம்’ என்றாலும் இடர்ப்பாடு அதுவே. ஆதலால் இந்தச் சங்கிலியைப் பற்றி எழுதுமிடங்களில் ‘எலக்ட்ரான் இழப்பு’, ‘எலக்ட்ரான் ஏற்பு’ என்று வெளிப்படையாகவே எழுத வேண்டும் என்பது எமது துணிபு.

எலக்ட்ரான்களைக் கொண்டுசெல்லும் மூலக்கூறுகளுக்குக் ‘கடத்தி’ என்ற சொல்லை ஆள்வதையும் இங்கே விலக்க விரும்புகிறோம். செம்புக் கம்பி தான் அசையாமல் மின்சாரத்தைச் செல்லவிடுவது. அதைக் கடத்தி என்பது பொருந்தும். என்.ஏ.டி.யோ ஒரு நொதியிடம் எலக்ட்ரான்களைப் பெற்று, அதைவிட்டு நீங்கி, மற்றொரு நொதியிடம் சேர்ப்பித்து, வெறுங்கையோடு திரும்புவது. அது ஏந்தி. எஃப்.ஏ.டி. அவ்வாறு உலவுவதில்லை, சக்சினேட் டிஹைட்ரோஜினேஸில் அது புரதத்தோடு நிரந்தரமாகவே பிணைந்து கிடக்கிறது. இவ்விரண்டையும் ஒருசேரத் ‘துணைநொதி’ என்று எழுதிவிட்டு, ஒன்று வந்துபோவதையும் மற்றொன்று தங்கிவிடுவதையும் மாணவன் தானே ஊகித்தறிய வேண்டும் என்று விடுவது முறையன்று. வந்துபோவதைத் துணைநொதி என்றும், தங்குவதைப் பிணைதொகுதி என்றும் பிரித்தாளலாம்.

பெயர்களின் வேர்ப்பொருளைத் தேடிப் பெயர்க்கும் ஆர்வத்தையும் அடக்க வேண்டியிருக்கிறது. இன்றைய என்.ஏ.டி. முதலில் கோசைமேஸ், பிறகு டி.பி.என். என்றெல்லாம் வழங்கப்பெற்றது, 1961இல் சர்வதேச நொதி ஆணைக்குழுவின் அறிக்கைக்குப் பின்னரே இன்றைய பெயர் நிலைத்தது. சைட்டோகுரோம் பி-450இல் உள்ள எண், கார்பன் மோனாக்சைடு சேர்ந்த நிலையில் அது 450 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை மிகுதியாக உறிஞ்சுவதைக் குறிக்குமேயன்றி, அதன் தொழிலைக் குறிக்காது. இவற்றை ஒலிபெயர்த்து, ஒரே எழுத்துக்கூட்டலில் நிறுத்துவதே போதும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த கிறீன் 1875இல் வெளிக்கொணர்ந்த ரசாயன நூல் ‘கெமிஸ்தம்’ என்றே பெயர் பூண்டது. அன்னிய ஒலிக்குத் தமிழ் ஈறு தந்த அத்துணிவு நமக்கும் வேண்டும்.

தொழிலைச் சொல்லும் பெயர்களில் மட்டும் தமிழ் கட்டாயம் வேண்டும். பாஸ்பட்டேஸ் பாஸ்பேட்டை நீக்குவது, கைனேஸ் ஏ.டி.பி.யிலிருந்து அதை எடுத்து மற்றொன்றில் ஏற்றுவது; பாஸ்பாரிலேஸ் கனிமப் பாஸ்பேட்டைக் கொண்டு பிணைப்பைப் பிளப்பது. ஈற்றொலியில் ஒத்த இம்மூன்றும் விடைத்தாள்களில் ஒன்றாகிவிடுவதைக் காணாத ஆசிரியர் அரியர். கிரியேட்டினைன் சிறுநீரகத்தின் நிலையையும், கிரியேட்டின் கைனேஸ் தசையின் சிதைவையும் காட்டுபவை. ஆய்வறிக்கையில் பெயர் தடுமாறினால் அத்தடுமாற்றம் நோயாளியின் தலையில் விடியும்.

ஏ.டி.பி. என்றவுடன் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பாஸ்டனில் பிஸ்க் என்ற அறிஞருடன் உழைத்த எல்லாப்பிரகட சுப்பாராவ் நினைவுக்கு வருகிறார். தசையில் ஏ.டி.பி. உள்ளதை அவ்விருவரும் 1929இல் கண்டறிந்தார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமானும் கண்டார். அதற்கு நான்காண்டுகள் முன்னரே பிஸ்க்கும் சுப்பாராவும் வகுத்த பாஸ்பரஸ் அளவீட்டு முறை, நீல நிறம் தோன்றும் அந்தச் சோதனைக் குழாய்களோடு, இன்றும் நம் மாணவர்களின் கையில் உள்ளது. அம்முறைக்குத் தமிழில் தெளிவான செய்முறைக் குறிப்பு ஒன்று எழுதிக் கொடுப்பது நம் கடமை.

அடுத்த இதழ் முதல், நொதிகளையும் எலக்ட்ரான் ஏந்திகளையும் பற்றிய ஒரு சொற்பட்டியலை வெளியிட எண்ணியுள்ளோம். உங்கள் ஆய்வகத்திலும் வகுப்பிலும் உண்மையில் வழங்கும் சொற்களை, ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்கவில்லை என்ற விளக்கத்தோடு, இவ்வாண்டு முடியுமுன் எழுதி அனுப்புமாறு வாசகர்களை வேண்டுகிறோம்.