ஞானப்பல்லும் அஞ்ஞானமும்

17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையே தாடையின் கோடியிலே முளைக்கும் கடைசிக் கடைவாய்ப்பல்லுக்கு ஞானப்பல் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததோடு நின்றார்களா? பிடுங்கினால் புத்தி மழுங்கும் என்றார்கள். மேல்பல் என்றால் கண்ணே போய்விடும் என்றார்கள். செவ்வாய் ஆகாது, அமாவாசை ஆகாது என்று பஞ்சாங்கத்தையும் வாய்க்குள் நுழைத்தார்கள்!

சதுரங்கப்பட்டினத்தை அடுத்த குப்பத்திலே, எம்மிடம் பயின்ற இளைஞன் ஒருவன். அலைகடலுக்கு அஞ்சாதவன், பல் மருத்துவரின் நாற்காலிக்கு அஞ்சினான். அஞ்சினானா? இல்லை தோழர்களே, அச்சம் ஊட்டப்பட்டான்! புகையிலையை அடக்கினர், வேப்பிலை அடித்து மந்திரித்தனர். பத்து நாள் கழிந்தது. கழுத்து வீங்கி, வாய் திறவாமல், எச்சிலும் விழுங்க இயலாமல் செங்கற்பட்டுக்குத் தூக்கி வந்தனர். பிழைத்தான். இன்னும் தாமதித்திருந்தால் வீக்கம் மூச்சையே அடைத்திருக்கும் என்றார் மருத்துவர். குற்றவாளி யார்? பல்லா? பல்லினும் ஆழமாக வேரோடிய மூடநம்பிக்கையன்றோ!

பார்வையை மூளைக்குக் கொண்டு செல்வது இரண்டாம் மூளை நரம்பு. பல்லின் வலியைச் சொல்வது ஐந்தாம் நரம்பு. பாதை வேறு, பணி வேறு. மேல்பல்லின் சீழ் கண்ணருகே பரவுவதுண்டு. அது பிடுங்கியதால் வருவதன்று, பிடுங்காமல் விட்டதால் வருவது! புத்தி போகுமாம்! சிலருக்கு இப்பல் முளைப்பதே இல்லை. அவர்கள் அறிவிலிகளா? 32 பல்லும் உடையோர் அனைவரும் மேதைகளா?

ஞானப்பல் என்றாலே பிடுங்கு என்பதும் பகுத்தறிவாகாது. தொல்லை தராத புதைபல்லை வீணே அகற்றலாகாது என்று 2000ஆம் ஆண்டிலேயே பிரிட்டனில் மருத்துவ நெறி வகுத்தனர். ஆராய்ந்து முடிவு செய்க என்பதே அறிவியல். அஞ்சி ஒடுங்குக என்பதே வைதிகம்.

வலிக்குமே என்பர். 1846இல் பாஸ்டன் நகரிலே மார்ட்டன் என்னும் பல் மருத்துவர், ஈதர் கொடுத்து அறுவையின் வலியை வென்று காட்டினார். இன்றோ ஓர் ஊசி, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்கிறது!

மாமல்லபுரத்துச் சிற்பி, வேண்டாத கல்லை நீக்கித்தான் தேர் வடித்தான். நல்ல நாள் பார்த்தே உளியை ஓங்குவேன் என்று காத்துக் கிடந்திருந்தால், பாறை பாறையாகவே இருந்திருக்கும்.

செங்கற்பட்டிலே 1965 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சாலை இருக்கிறது, பேருந்து இருக்கிறது. இல்லாதது துணிவு ஒன்றே. அதனைக் குப்பந்தோறும் கொண்டு செல்வோம். முதலில் பிடுங்க வேண்டியது அச்சத்தை. பல்லை மருத்துவர் பார்த்துக்கொள்வார்!