மாணவர் நாடகத்தை யார் எழுதுவது?

கல்லூரி ஆண்டு விழா நெருங்கிவிட்டால் போதும், நாடகம் தேடும் படலம் ஆரம்பமாகிவிடுகிறது. சினிமாவில் பார்த்த நகைச்சுவைக் காட்சிகள் இரண்டு, நடுவே ஒரு பாட்டு, கடைசியில் ஒரு உபதேசம் - நாடகம் தயார்! கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் நடித்த மாணவன் என்ன கற்றான்? பார்த்தவன் எதை எடுத்துச் சென்றான்?

மாணவர் நாடகத்தை மாணவர்களே எழுத வேண்டும். பேனாவை எடுப்பதற்கு முன் அவர்கள் மக்களிடம் போக வேண்டும். இதுவே நமது அபிப்பிராயம்.

1943 வங்கப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் மக்கள் மாண்டனர். வெள்ளை சர்க்காரின் யுத்தகாலக் கொள்கையும் பதுக்கல்காரர்களின் கொள்ளை லாப வெறியும் சேர்ந்து செய்த படுகொலை அது. பட்டினியால் விரட்டப்பட்ட விவசாயிகள் கல்கத்தா வீதிகளில் வந்து விழுந்தனர். அப்படி வந்த ஒரு ஆணும் பெண்ணும் பூங்காவில் பேசிக்கொண்டிருந்ததை பிஜன் பட்டாச்சார்யா கேட்டார். விட்டு வந்த ஊரைப் பற்றியும், அறுவடைத் திருநாளைப் பற்றியும் அவர்கள் பேசினார்கள். அதிலிருந்து பிறந்ததே 'நபான்ன' நாடகம். புத்தரிசித் திருநாள் என்பது அதன் பொருள். 1944ல் இந்திய மக்கள் நாடக மன்றம் அதை மேடையேற்றியது. அறைக்குள் உட்கார்ந்து கற்பனை செய்பவனுக்கு இந்தத் தலைப்பு கிடைத்திருக்குமா?

இன்னொரு உதாரணம். தில்லிக்கு அருகே ஒரு ஆலையில் தொழிலாளர்கள் கேட்டது இரண்டுதான்: சைக்கிள் நிறுத்த இடம், தேநீர் குடிக்க ஒரு கான்டீன். பதிலுக்குத் துப்பாக்கி வெடித்தது. ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். மாணவர் இயக்கத்தில் வளர்ந்த சப்தர் ஹாஷ்மியும் அவரது தோழர்களும் 1978ல் இதை 'மெஷின்' என்ற நாடகமாக்கினார்கள். நேரம் சுமார் 13 நிமிடம். திரையில்லை, விளக்கில்லை. நடிகர்களின் உடல்களே இயந்திரமாகச் சுழன்றன. தொழிலாளி விலகியதும் இயந்திரம் நின்றது! உபரி மதிப்பைப் பற்றி நீண்ட பிரசங்கம் செய்வதைவிட அது தெளிவாகப் பேசியது.

மாணவத் தோழர்கள் இதிலிருந்து கற்க வேண்டியது என்ன? முதலில் ஒரே ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கல்லூரியைப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் சம்பளம் என்ன, உதவித் தொகை தாமதமானால் விடுதி மாணவன் என்ன செய்கிறான் - நாலைந்து பேராகப் போய் விசாரியுங்கள். அவர்கள் பேச்சை அவர்கள் சொல்லிலேயே குறித்துக்கொள்ளுங்கள். யாருக்கு என்ன தேவை, அதைத் தடுப்பது எது என்று கூடி விவாதித்து, காட்சிகளைப் பிரியுங்கள். பிறகு எழுதுங்கள். எழுதியதை, யாருடைய கதையோ அவர்களிடமே படித்துக் காட்டுங்கள். "நாங்கள் இப்படிப் பேசமாட்டோம்" என்று அவர்கள் சொன்னால், திருத்தி எழுதுங்கள்.

முற்போக்கு நாடகம் என்ற பெயரில், தொப்பையைத் தடவும் முதலாளியையும் ஓயாமல் முழங்கும் தொழிலாளியையும் நிறுத்தினால் போதாது. முதலாளி இனிக்க இனிக்கப் பேசித்தான் சம்பளத்தை வெட்டுகிறான். அந்த இனிப்பையும் மேடையில் காட்ட வேண்டும்.

"இதனால் படிப்பு கெடாதா?" என்பார்கள் சிலர். பொருளாதாரப் பாடத்தில் ஒரு வரியாக இருக்கும் கூலி, நாடகம் எழுதப் புறப்பட்ட மாணவனுக்கு ஒரு குடும்பத்தின் சோறாகத் தெரிகிறது. இதைவிடப் படிப்பு வேறென்ன?

தடைகள் வரத்தான் செய்யும். 1876ல் வெள்ளையர் நாடகத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். 1954ல் சென்னை ராஜ்யத்தின் காங்கிரஸ் சர்க்கார் புதுப் பூட்டு ஒன்று செய்தது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாதென்று 2013ல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பல கல்லூரிகளில் நிர்வாகத்தின் சிவப்பு மை இன்னும் காய்ந்தபாடில்லை. "இந்த வசனத்தை எடு, அந்தக் காட்சியை நீக்கு" என்ற உத்தரவுகளை எதிர்த்து மாணவர் சங்கங்கள் ஒன்றுபட்டு நிற்க வேண்டும். தனி ஒருவனின் பிரதியை அடித்துவிடுவது சுலபம். ஐம்பது பேர் சேர்ந்து விசாரித்து, விவாதித்து எழுதிய நாடகத்தை அடிப்பது அத்தனை சுலபமல்ல.

சப்தர் ஹாஷ்மி 1989 ஜனவரி 1ந் தேதி சாகிபாபாத்தில் நாடகம் நடத்தியபோது குண்டர்களால் தாக்கப்பட்டார். மறுநாள் உயிர் நீத்தார். ஜனவரி 4ந் தேதி, அவருடைய மனைவியும் தோழர்களும் அதே இடத்தில் அதே நாடகத்தை நடத்தி முடித்தார்கள்.

மாணவத் தோழர்களே! இந்த ஆண்டு விழா மேடை உங்களுடையது. இரவல் வசனம் வேண்டாம். மக்களிடம் செல்லுங்கள், கேளுங்கள், எழுதுங்கள்!