பட்டாணிக் கொடிக்கு ஒரு கொம்பு நட மனமில்லையா?

"கொடிக்குக் காய் பாரமா?" என்று கேட்பார்கள். பாரம் இல்லைதான். ஆனால், கொடி நிமிர்ந்து நிற்க ஒரு கொம்பு வேண்டும்.

பட்டாணியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, குட்டைச் செடி. முழங்கால் உயரத்தோடு நின்றுவிடும். மற்றொன்று, நெட்டைக் கொடி. ஆள் உயரத்தையும் தாண்டும். பழைய காலத்து வகைகளில் பல, இந்த நெட்டை ஜாதியைச் சேர்ந்தவை.

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களில் பலர், குட்டை விதையையே தேடி வாங்குகிறார்கள். "நெட்டைக் கொடிக்கு யார் கொம்பு நடுவது?" என்பது அவர்கள் கேள்வி.

கேள்வி நியாயமானதுதான். ஆனால், முடிவு சரியானது அல்ல.

யாருக்கு லாபம்?

குட்டைச் செடியில், காய்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முற்றும். இயந்திரத்தால் அறுத்துத் தொழிற்சாலைக்கு அனுப்புகிறவர்களுக்கு அது வசதி. வீட்டுக்கு அது வசதியா? ஒரே நாளில் கூடை கூடையாக வந்தால், என்ன செய்வது?

நெட்டைக் கொடி அப்படி அல்ல. கீழிருந்து மேலாகப் பூத்துக் கொண்டே போகும். அடியில் காய் பறிக்கும்போது, நுனியில் பூ இருக்கும். வாரக் கணக்கில், குருமாவுக்கு ஒரு கை காய் கிடைத்துக் கொண்டே இருக்கும்.

பாதிரியார் தோட்டம்

இன்று செக் குடியரசில் இருக்கும் பிர்னோ நகரில், மெண்டல் என்ற பாதிரியார் இருந்தார். 1856 முதல் 1863 வரை, மடத்துத் தோட்டத்தில் பட்டாணி பயிரிட்டு ஆராய்ந்தார்.

நெட்டையையும் குட்டையையும் கலந்தார். பிள்ளைகள் எல்லாம் நெட்டையாகவே பிறந்தன. பேரப் பிள்ளைகளில் 787 நெட்டை, 277 குட்டை. பரம்பரையின் ரகசியம் இப்படி வெளிப்பட்டது.

அந்தக் கொடிகளை அவர் எப்படி நிறுத்தினார்? கழிகள், மரக் கிளைகள், இடையே கட்டிய கயிறுகள். அவ்வளவுதான்!

எப்படி நடுவது?

பட்டாணியின் பற்றுக்கொடி நூல் போன்றது. பருமனான மூங்கிலை அதனால் சுற்றிப் பிடிக்க முடியாது. ஆகவே, வெறும் மூங்கிலை நட்டால் போதாது. சிறு கிளைகள் நிறைந்த மிலாறுகளைச் செருகுங்கள். அல்லது, இரண்டு உறுதியான கழிகளை நட்டு, அரை அடிக்கு ஒரு கயிறாகக் குறுக்கே கட்டுங்கள்.

விதைக்கும் அன்றே இதைச் செய்துவிட வேண்டும். பிறகு நட்டால், வேர் அறுபடும். சாய்ந்த கொடியைத் தூக்கினால், தண்டு ஒடியும். ஈரமண்ணில் கிடக்கும் காய் அழுகும்.

பட்டாணிக்குக் குளிர் வேண்டும். நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் நன்றாக வரும்.

விதை யார் கையில்?

பட்டாணிப் பூ, பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆகவே, தாய்க் கொடியின் குணம் விதையில் மாறுவது அரிது. நல்ல கொடியில் நாலு காயை முற்ற விட்டால், அடுத்த வருஷத்து விதை வீட்டிலேயே தயார்.

ஆனால், பெட்டியில் பூட்டி வைத்த விதைக்கு ஆயுள் சில வருஷங்கள்தான். மண்ணில் போட்டுப் போட்டு எடுத்தால்தான், வகை பிழைக்கும். கொம்பு நடச் சோம்பினால், பாட்டன் காலத்து வகை ஒன்று பூண்டற்றுப் போகும்.

நாலு கழியும் ஒரு கண்டு கயிறும், ஒரு குடும்பத்துக்குப் பெரிய செலவா?