ஏணியில் ஏறியவன் ஏணியை உதைக்கிறான்!



மலிவா விளைகிற நாட்டில் வாங்கிக்கலாம், இறக்குமதி வந்தா எல்லாருக்கும் லாபம்னு மெத்தப் படிச்சவங்க சொல்றாங்க. இது 1817-ல் இங்கிலாந்தின் டேவிட் ரிக்கார்டோ எழுதிய சித்தாந்தம். போர்ச்சுகல் திராட்சை மது செய்யட்டும், இங்கிலாந்து துணி நெய்யட்டும் என்றார். அவர் கணக்குப்படியே துணியையும் போர்ச்சுகல்தான் குறைந்த ஆளை வைத்து நெய்யும்! ஆனாலும் தறி இங்கிலாந்துக்கு, தோட்டம் போர்ச்சுகலுக்கு!

அந்த இங்கிலாந்து எப்படி வளர்ந்தது? 1700-லும் 1721-லும் சட்டம் போட்டு நம்ம நாட்டுச் சாயத்துணியைத் தடுத்தது. தன் ஆலை வலுத்த பிறகுதான் ஊருக்கெல்லாம் கதவைத் திறக்கச் சொன்னது. மேலே ஏறியவன் ஏணியை உதைத்துத் தள்ளுகிறான் என்று 1841-லேயே ஜெர்மானியர் பிரெடரிக் லிஸ்ட் எழுதினார்.

ஹெய்ட்டி நாட்டைப் பாருங்க. 1980-களின் தொடக்கத்தில் தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைத் தானே விளைவித்தது. 1995-ல் அரிசி இறக்குமதி வரியை 3 சதவீதமாக வெட்ட வைத்தார்கள். மானியம் வாங்கி விளைந்த அமெரிக்க அரிசி கப்பல் கப்பலாக இறங்கியது. உள்ளூர் உழவன் நொடிந்தான். 2008-ல் உலகச் சந்தையில் விலை ஏறியதும் பசித்த மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அது தவறு என்று 2010-ல் கிளிண்டனே செனட் குழு முன் ஒப்புக்கொண்டார். தவறுன்னு சொன்னா போன வயல் திரும்பி வருமா?

நம்ம கதை என்ன? 2001 ஏப்ரல் 1-ல் இறக்குமதி அளவுக் கட்டுப்பாட்டை எடுத்தாச்சு. 2025 மே மாதம் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய் மீதான அடிப்படை வரி 20-லிருந்து 10 சதவீதமானது. நாடு தின்னும் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. 2025 ஆகஸ்டில் பருத்தி மீதான 11 சதவீத வரியை ரத்து செய்து, வெள்ளாமை வீடு வரும் டிசம்பர் வரை நீட்டினார்கள்!

மலிவு எண்ணெய் ஏழைக்கு நல்லதுதானேன்னு கேப்பாங்க. நாமும் கடையில் வாங்குகிற ஏழைதான். ஆனா கடலை, எள்ளு போடுறவன் அழிஞ்ச பிறகு, விற்கிறவன் வச்சதுதான் விலை! வியாபாரமே வேண்டாம்னு நாம சொல்லல. ஏறி முடிக்கும்வரை ஏணி வேணும்.

மத்திய அரசே!
* எண்ணெய், பருத்தி இறக்குமதி வரியை அறுவடைக் காலத்தில் குறைக்காதே!
* கட்டுபடியாகும் விலையைச் சட்டமாக்கு!

மாநில அரசே!
* ரேஷனில் பாமாயிலுக்குப் பதில் கடலை, தேங்காய் எண்ணெய் வழங்கு!

வீட்டுக்கு ஒருவர் ஆர்ப்பாட்டத்துக்கு வாங்க! ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!