ஏழுக்கு முட்டை!

புதுக்கோட்டைக்காரன்கிட்ட போய் 'முட்டை'ன்னு சொன்னா அவனுக்குக் கோபம் வராது மக்களே... பசிதான் வரும். சாயங்காலம் ஆனா போதும், தள்ளுவண்டியில கல்லு காய, அவிச்ச முட்டையை நறுக்கிப் போட்டு மசாலாவில் பெரட்டி எடுக்கிற 'முட்டை மாஸ்' வாசனை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆளை இழுக்கும். அந்த ஊர்ல போன வாரம் ஒரு முட்டையால அடிதடி ஆகப் பார்த்துச்சு. முட்டைன்னா சாப்பிடுற முட்டை இல்ல, ஸ்கோர்போர்டு முட்டை!

ஸ்பாட், ஒரு காலேஜ் கேட்டுக்கு எதிர்த்தாப்ல இருக்கிற மாஸ் கடை. பிராக்டீஸ் முடிஞ்சு முழங்கால் மண்ணோட ஒரு கும்பல். எல்லாருக்கும் பட்டப்பேர்தான், நிஜப் பேரைப் போட்டா அடுத்த வாரம் நான் அந்தப் பக்கம் தலை காட்ட முடியாது. மூணாவது வருஷம் ஹிஸ்டரி படிக்கிற ஆலங்குடிப் பையன் டீமோட லெஃப்ட் பேக், அவன் பேரே 'பேக்கு'. அப்பா வேலை நிமித்தமா பத்தாவது வரைக்கும் கேரளாவுல படிச்சுட்டு வந்தவன் 'கோழிக்கோடு'. மேத்ஸ் டிபார்ட்மென்ட்காரன் ஒருத்தன், ஆட மாட்டான், ஆனா எந்த மேட்ச்ல யாரு எத்தனாவது நிமிஷத்துல கோல் அடிச்சான்னு லாங் சைஸ் நோட்டுல எழுதி வெச்சிருப்பான். அவன் 'நோட்டு'.

கோழிக்கோடுதான் திரியைக் கொளுத்தினான். "சந்தோஷ் டிராபியில நாங்க 7. நீங்க எத்தனை மாப்ள?"

கடைக்காரர் கரெக்டா அந்த நேரம் பார்த்து, "முட்டை யாருக்குப்பா?"ன்னு கேட்டார். கும்பல் சிரிச்ச சிரிப்புல பேக்கு கைல இருந்த தட்டு ஆடிப்போச்சு.

விஷயம் உண்மைதான். 1973-74ல கொச்சியில மணி அடிச்ச ஹாட்ரிக்கால ரயில்வேஸை 3-2ன்னு ஜெயிச்சு கணக்கை ஆரம்பிச்சது கேரளா. கடைசியா 2022 மே மாசம் மஞ்சேரியில வங்காளத்தை பெனால்டி ஷூட் அவுட்ல சாய்ச்சது வரைக்கும் 7 கப். 2024-25 சீசன்ல எட்டாவதுக்கு ஃபைனல் வரைக்கும் வந்து, வங்காளத்துக்கிட்ட 0-1ல கோட்டை விட்டாங்க. தமிழ்நாடு? மெட்ராஸ்னு பேர் இருந்த காலத்துலயும் சரி, அப்புறமும் சரி, ஒரு தடவைகூடக் கிடையாது. 2012ல ஒடிசாவுல ஃபைனல் வரைக்கும் போய் சர்வீசஸ்கிட்ட 2-3ல தோத்துட்டு வந்தோம். நோட்டுல அந்தப் பக்கத்துல மட்டும் டீக்கறை இருக்கு. தற்செயலா, கோபமான்னு தெரியல.

பேக்கு விடுவானா? "டேய், சந்தோஷ் டிராபி எல்லாம் தாத்தா காலத்துக் கதை. ஐ.எஸ்.எல். பேசு. சென்னையின் 2015ல கப்பு, 2018ல கப்பு. உன் பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022ன்னு மூணு ஃபைனல், மூணும் தோல்வி. இப்ப யாருடா முட்டை?"

கோழிக்கோடு அசரல. "2018 ஃபைனல்ல உங்களுக்கு கோல் அடிச்சது யாரு? மெய்ல்சன் ஆல்வ்ஸ் 2, அகஸ்டோ 1. ரெண்டு பேரும் பிரேசில். 2015ல கடைசி நிமிஷத்துல அடிச்ச மெண்டோசா கொலம்பியா. இது எப்படி பங்காளி தமிழ்நாட்டு ரெக்கார்டு ஆகும்?"

"அப்ப உங்க 2014 செமி ஃபைனல்?" கேட்டது நோட்டு. அவனுக்கு எந்தப் பக்கமும் இல்ல, தகவல் பக்கம் மட்டும்தான். "கொச்சியில 3-0 தோத்துட்டு சென்னையில 3-0 அடிச்சு சமன் பண்ணினோம். எக்ஸ்ட்ரா டைம்ல, 117வது நிமிஷம், பியர்சன் ஒண்ணு போட்டான். மேட்ச் நாங்க 3-1 ஜெயிச்சோம். டை நீங்க 4-3 ஜெயிச்சீங்க. இப்ப இதை வெற்றிக் கணக்குல எழுதுறதா, தோல்வியில எழுதுறதா? நான் அன்னைலேர்ந்து கட்டம் போடாம விட்டு வெச்சிருக்கேன்."

பாவம், எத்தனை வருஷமா ஒரு கட்டம் காலியா இருக்கு பாருங்க! பியர்சன் ஸ்காட்லாந்துக்காரர்னு யாரோ எடுத்துக் கொடுக்க, கோழிக்கோடு முதல் தடவையா தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பிச்சான்.

அதுக்கப்புறம் ஐ-லீக். 2019 மார்ச்சுல கோயம்புத்தூரை வீடாக்கி ஆடின சென்னை சிட்டி, கடைசி நாள்ல மினர்வா பஞ்சாபை 3-1ல ஜெயிச்சு 43 பாயின்ட்டோட சாம்பியன் ஆச்சு. ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு பாயின்ட்! கோகுலம் கேரளா முதல் ஐ-லீக் கப்பை எடுத்தது அதுக்கு ரெண்டு சீசன் கழிச்சு, 2020-21ல. "நாங்கதான் முதல்ல"ன்னு பேக்கு காலரைத் தூக்கினான். "கோகுலம் அடுத்த வருஷமும் ஜெயிச்சுது. உங்க சென்னை சிட்டி எங்க?"ன்னு கோழிக்கோடு கேட்டான். பேக்கு பதில் சொல்லல. சில வருஷத்துலயே தேசிய லீக்கை விட்டு காணாமப் போன டீமுக்கு என்ன பதில் சொல்றது?

இதுக்கு மேலதான் நிஜமான சண்டை. பேக்கு கடைசி அஸ்திரத்தை எடுத்தான்: ஜோன்!

காலேஜ் ஃபுட்பால் ஆடாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இன்டர்-யுனிவர்சிட்டி போட்டியில நாடு நாலு மண்டலம். தெற்கு, வடக்கு, கிழக்கு, மேற்கு. ஒவ்வொரு மண்டலத்துலயும் முதல் நாலு இடம் பிடிக்கிற பல்கலைக்கழகங்களுக்குத்தான் ஆல் இண்டியா டிக்கெட். புதுக்கோட்டைப் பசங்க திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகக் கணக்கு. அதே தெற்கு மண்டலத்துலதான் கோழிக்கோடு, கேரளா, எம்.ஜி., கண்ணூர் எல்லாம் வரிசையா உக்காந்திருக்கு. முதல் ரவுண்டெல்லாம் நாக்-அவுட். ஒரு மேட்ச்ல வழுக்கினா அன்னைக்கு ராத்திரியே பெட்டி கட்டணும்.

"எங்களைக் கொண்டுபோய் வேற ஜோன்ல போடு. ஆல் இண்டியா போறோமா இல்லையா பாரு. நாலு சீட்டுக்கு நாலு கேரளாக்காரன் நிக்கிற ஜோன்ல எங்களைத் தள்ளிட்டு ரெக்கார்டு பேசுறியா?"

"ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணலாம்" என்றான் கோழிக்கோடு. நல்ல தமிழ்ப் பழமொழி! ஆனா பேக்கு கண்ணு செவந்துபோச்சு.

என்னைக் கேட்டா ரெண்டு பேர் சொல்றதும் பாதிப் பாதிதான். மண்டலம் கடினம்கிறது நிஜம். ஆனா அந்த மண்டலம் ஏன் கடினமாச்சு? மலப்புறம் பக்கம் போய்ப் பாருங்க. அறுவடை முடிஞ்ச வயல்லயும் பள்ளி மைதானத்துலயும் தற்காலிக கேலரி கட்டி, லைட்டைப் போட்டு, மாசக்கணக்கா 'செவன்ஸ்' நடக்கும். டீமுக்கு ஏழு பேர், டிக்கெட் வாங்கிட்டு ஊரே பார்க்கும். காலேஜ் பசங்க அதுல ஆடி கைச்செலவுக்குக் காசு பார்ப்பாங்க. நம்ம மாவட்டத்துல அதே மாசங்கள்ல என்ன நடக்குது? தச்சங்குறிச்சியில வாடிவாசல் திறக்கும். அறந்தாங்கிப் பக்கம் மாட்டுவண்டி எல்கைப் பந்தயம். ஊர் ஊருக்குக் கபடி. குறை சொல்லல, எனக்கும் எல்கைப் பந்தயம்னா உயிரு. ஆனா கூட்டம் எதைப் பார்க்க நிக்குதோ அதுலதான் பையன் வளருவான். வியாசர்பாடியிலயும் குமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கமும் ஃபுட்பாலுக்குக் கூட்டம் நிக்குது. அங்கேர்ந்து ஆளுங்க வந்துக்கிட்டேதான் இருக்காங்க.

பேக்கு ஏன் இவ்வளவு கொதிக்கிறான்னு அப்புறம்தான் புரிஞ்சுது. தட்டைக் கழுவுற தொட்டிகிட்ட நிக்கும்போது மெதுவாச் சொன்னான். "அண்ணே, இவனுக்கு அது கேரளா-தமிழ்நாடு. எனக்கு அது ஒரு பேப்பர்."

மத்திய அரசு வேலையில விளையாட்டு ஒதுக்கீடு இருக்கே, அதுக்குச் சான்றிதழ் படிவங்கள் இருக்கு. நாட்டுக்காக ஆடினா படிவம் 1. மாநிலத்துக்காக தேசியப் போட்டியில ஆடினா படிவம் 2. பல்கலைக்கழகத்துக்காக இன்டர்-யுனிவர்சிட்டி ஆடினா படிவம் 3. பேக்கு ரெண்டு வருஷமா பல்கலைக்கழக செலக்‌ஷனுக்குப் போறான். முதல் வருஷம் முதல் நாளே வெளிய. போன வருஷம் கடைசிச் சுற்று வரைக்கும் வந்து, லிஸ்ட்ல பேர் இல்ல. இது கடைசி வருஷம். அப்பா வாடகை டிராக்டர் ஓட்டுறார். "ஜோன்ல ஜெயிக்கிறமோ தோக்கிறமோ, அந்த பஸ்ல எனக்கு ஒரு சீட்டு வேணும்ணே. கேரளாகிட்ட 5-0 தோத்தாக்கூட பரவால்ல." இதை அவன் கோழிக்கோடு முன்னாடி சொல்லியிருந்தா தலைமுறைக்கும் ஓட்டியிருப்பான்.

நாங்க திரும்பி வந்தப்ப பெஞ்சுல புதுசா ஒரு குரல். கீரனூர் பஸ்சுக்கு நிக்கிற, ரெண்டாவது வருஷம் கெமிஸ்ட்ரி படிக்கிற பொண்ணு. நோட்டு கையில இருந்த நோட்டைப் பிடுங்கிப் பக்கம் பக்கமாத் தள்ளிக்கிட்டிருந்தா.

"இதுல பொண்ணுங்க கணக்கு எங்கண்ணா?"

நோட்டு முழிச்சான். வாழ்க்கையில முதல் தடவையா அவன்கிட்ட தகவல் இல்ல.

"தமிழ்நாடு கப்பே அடிச்சதில்லன்னு அரைமணி நேரமாக் கத்துறீங்க. 2018 பிப்ரவரி, கட்டாக். வருஷா வருஷம் கப்பை வீட்டுக்குக் கொண்டுபோற மணிப்பூரை ஃபைனல்ல 2-1. 2023 ஜூன், அமிர்தசரஸ். ஹரியானாவை 2-1. சீனியர் நேஷனல், ரெண்டு தடவை. கேரளா எத்தனைன்னு அண்ணனைக் கேளுங்க."

கோழிக்கோடு மேல பார்த்தான். மேல சோடியம் லைட்டுதான் இருந்துச்சு.

"முட்டையா அண்ணா?"

கடையே அதிர்ந்துச்சு. ஆனா அந்தப் பொண்ணு நேர்மையான ஆளு, அதோட நிறுத்தல. "கிளப்புன்னு பார்த்தா அவங்கதான் மேல. மதுரை சேது எஃப்.சி. 2019ல லூதியானாவுல மணிப்பூர் போலீஸை 3-1 அடிச்சு இண்டியன் விமன்ஸ் லீக் எடுத்தாங்க. கோகுலம் அதுக்கப்புறம் மூணு தடவை எடுத்துட்டாங்க. 2022ல கடைசி மேட்ச்ல சேதுவை 3-1ல ஜெயிச்சுத்தான் எடுத்தாங்க. அன்னைக்கு நான் அழுதேன்." சொல்லிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தா. "எழுதிக்கங்க. ரெண்டையும் எழுதுங்க."

பேக்குக்கு அவ இன்னொண்ணும் சொன்னா. கடலூர் இந்துமதி கதிரேசன், இந்திய அணிக்கு ஆடினவங்க, தமிழ்நாடு போலீஸ்ல சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கு சமயத்துல சென்னை ரோட்டுல டூட்டி பார்த்தாங்க. பேக்கு தலையாட்டிக்கிட்டே இருந்தான். படிவம் பத்தி அவனுக்கு மட்டும்தான் கவலைன்னு நினைச்சுக்கிட்டிருந்தானோ என்னவோ.

எனக்கு அந்த நேரத்துல கத்தக்குறிச்சிதான் ஞாபகம் வந்துச்சு. இதே மாவட்டம். அந்த ஊர் சாந்தி சௌந்திரராஜன் 2006 டிசம்பர்ல தோஹா ஆசியப் போட்டியில 800 மீட்டர் ஓடி ரெண்டாவதா வந்தாங்க. பாலினச் சோதனைன்னு சொல்லி வெள்ளியைப் பிடுங்கிக்கிட்டாங்க. ரெக்கார்டு புக்கைத் திறந்தா அந்த வரியில அவங்க பேர் இருக்காது. ஆனா ஓடினாங்களா இல்லையா? மொத்த ஊரும் டி.வி.யில பார்த்துச்சே! ரெக்கார்டு ரெக்கார்டுன்னு எவனாவது புதுக்கோட்டையில வந்து மேசையைத் தட்டினா எனக்கு லேசா எரிச்சல் வர்றதுக்கு இது ஒரு காரணம்.

சரி, கதைக்கு வருவோம். "இவ்வளவு தெரியுதே, நீ ஆடுவியா?"ன்னு கோழிக்கோடு கேட்டான். அதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டிருந்தவ முகம் மாறிச்சு.

"எங்கண்ணா ஆடுறது? கிரவுண்டு நாலு மணியிலேர்ந்து உங்களுக்கு. நாங்க போய்க் கேட்டா 'டீம் இருந்தாத்தான் கிரவுண்டு'ங்கறாங்க. கிரவுண்டு இல்லாம டீம் எப்படி வரும்? ஒன்பது பேர் இருக்கோம். மூணு பேருக்கு ஷூ இருக்கு."

யாரும் பேசல. கல்லுல எண்ணெய் பொரியற சத்தம் மட்டும். கேரளா-தமிழ்நாடுன்னு ஒரு மணி நேரம் கிழிச்சவனுங்க, கிரவுண்டுக்கு வெளியே ஒன்பது பேர் நிக்கிறதை ஒரு வருஷமாப் பார்த்தும் பார்க்கலைன்னு அன்னைக்குத்தான் ஒப்புக்கிட்டானுங்க. ஒப்புக்கிட்டானுங்கன்னா, வாயால இல்ல. பேக்கு பில்லைக் கொடுத்தான். அவன் பில் கொடுத்து நான் பார்த்ததே இல்ல.

"சனிக்கிழமை எங்களுக்கு பிராக்டீஸ் வேணாம்டா" என்றான் கோழிக்கோடு. "வேணும்"னு பேக்கு சொன்னான். "செலக்‌ஷனுக்கு எனக்கு ஒவ்வொரு நாளும் வேணும். காலையில நாங்க, மூணரை மணிக்கு மேல அவங்க." அதுல ஒரு சின்ன வாக்குவாதம். கீரனூர் பஸ் வந்து ஹாரன் அடிச்சதும் அந்தப் பொண்ணு ஓடிப்போய் ஏறிட்டா. ஃபுட்போர்டுல நின்னு, "நாலு மணின்னு வெச்சுக்கங்கண்ணா, வெயில்!"ன்னு கத்தினா.

சனிக்கிழமை நான் போயிருந்தேன். ஒன்பது பேர் வருவாங்கன்னு பார்த்தா ஏழு பேர்தான். ரெண்டு பேருக்கு வீட்ல விடல. ஏழு பேர்னா செவன்ஸ்தானேன்னு கோழிக்கோடு மலையாளத்துல என்னமோ சொல்லிட்டு, நாலு செருப்பை வெச்சு ரெண்டு சின்ன கோல் போஸ்ட் கட்டினான். எதிர் டீமா அரை டஜன் பசங்க. பேக்கு கோல் கீப்பர். அவன் காலுக்கு நடுவுல ஒரு பந்து போச்சு. அவன் விட்டானா, போச்சான்னு இப்ப வரைக்கும் தகராறு.

நோட்டு புதுப் பக்கம் திறந்து தேதி போட்டுக்கிட்டிருந்தான். பேர்களைக் கேட்டு எழுதினான். ஷூ இல்லாத நாலு பேர் சைஸையும் அதே பக்கத்து ஓரத்துல எழுதிக்கிட்டான்.