கோடை விடுமுறையும் புது வெட்டியும்

ஏப்ரல் பிறந்தால் பெரம்பலூர், அரியலூர் பக்கம் நம்ம பிள்ளைகள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, ரெண்டு மாசம் ஏதாவது கம்பெனியில இன்டர்ன்ஷிப் பண்ணச் சொல்றாங்க. போறதா, வேணாமா?" பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ., பொறியியல் என்று எது படித்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. ஏஐசிடிஇ 2018இல் கொண்டுவந்த மாதிரிப் பாடத்திட்டம் பொறியியல் படிப்பில் இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் தொழில்திறன் என்ற பேச்சைக் கலைக் கல்லூரி வரைக்கும் கொண்டுவந்தது. பேச்சு வந்தது சரி. அதற்கு ஆகிற செலவு யார் தலையில் என்று பேசத்தான் ஆளைக் காணோம்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கோடை விடுமுறை. நம்ம பிள்ளைக்கு அது கூலிக் காலம். ஆண்டிமடம், செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி பொறுக்குகிற பருவம். கொத்தனாரோடு சித்தாள் வேலைக்குப் போகிற பையன்கள், திருப்பூருக்கு பஸ் ஏறுகிற பெண்கள், இவர்களுக்கெல்லாம் அடுத்த வருசத்துப் பரீட்சைக் கட்டணமும் பஸ் செலவும் அந்தக் கூலியில்தான். நாளைக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 45 நாளைக்கு 18,000 ரூபாய். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்புக்குச் சென்னைக்கோ ஓசூருக்கோ போனால் அந்தப் பணம் போச்சு. அதுக்கு மேல அறை வாடகை, சாப்பாடு. ஒரு சர்டிபிகேட்டின் உண்மையான விலை இது.

சம்பளம் இல்லாத வேலைக்கு நம்ம ஊரில் பழைய பெயர் இருக்கிறது: வெட்டி. சாவுச் சேதி சொல்லப் போனதும், செத்த மாட்டைத் தூக்கியதும், பண்ணை வீட்டு விசேசத்துக்கு விறகு பிளந்ததும் 'முறை' என்றார்கள். கூலி கேட்டால் உதை விழுந்தது. இன்றைக்கு அதே இனாம் உழைப்பை 'அனுபவம்' என்கிறார்கள். சில இடங்களில் மாணவனிடமே பணத்தை வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுக்கிறார்கள். வெட்டிக்குப் போன நம்ம பாட்டன்கூட அதுக்குக் காசு கட்டினது கிடையாது.

அப்ப போகவே வேண்டாமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவில் பொருளாதாரம் படித்துவிட்டு வந்தவர். 1917இல் பரோடா சமஸ்தான வேலைக்குப் போன இடத்தில் கீழே இருந்த ஊழியர்கள் கோப்புகளை மேசை மேல் தூக்கி எறிந்தார்கள். தங்க இடம் கிடைக்கவில்லை. பம்பாய் திரும்பிப் பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் தொடங்கினார். தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவது நின்றுபோனது. அவருக்கு அறிவில் குறையில்லை. சந்தையின் வாசலில் சாதி உட்கார்ந்திருந்தது. கடைக்காரர் மகன் பத்து வயதிலேயே கல்லாவில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிற கொள்முதலும் கடனும் கணக்கும் நமக்குச் சேரியில் கிடைக்காது. அதை உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். அந்த வகையில் ஒரு நல்ல இன்டர்ன்ஷிப் நமக்குத்தான் அவர்களைவிட அதிகம் தேவை.

ஆனால் அந்த நல்ல இடம் யாருக்குக் கிடைக்கிறது? "நீங்களே தேடிக்கங்க" என்கிறது கல்லூரி. மேனேஜராக மாமா இருக்கிறவன் ஒரு போனில் தேடிவிடுவான். சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு சாதிப் பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கு அழைப்பு குறைவாக வந்தது. பெயருக்கே இந்தக் கதி என்றால், பரிந்துரையில் ஓடுகிற இன்டர்ன்ஷிப்பில் நம்ம கதி என்ன?

மார்க் எடுத்தால் கதவு திறக்கும் என்றார்கள். 1200க்கு 1176 எடுத்த குழுமூர் அனிதாவின் முன்னால் நீட் என்று இன்னொரு கதவை வைத்தார்கள். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். மார்க்குக்கும் பட்டத்துக்கும் மேலே, காசுள்ளவன் வாங்கக்கூடிய இன்னொரு கதவாக இன்டர்ன்ஷிப் ஆகிவிடக் கூடாது.

இதற்குச் சட்டத்திலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். அதன்படி அப்ரண்டிஸுக்கு உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும். 1973இல் சேர்த்த 3ஏ பிரிவு பயிற்சி இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு தருகிறது. தனியார் ஆலைக்கும் இது பொருந்தும். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் பழகுநர்களை எடுத்தாக வேண்டும் என்று 2019இல் விதி திருத்தினார்கள். இன்டர்ன் என்று பெயரை மாற்றினால் இந்த உரிமை ஒன்றும் இல்லை. 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் என்றார்கள். அதில் 4,500 அரசுப் பணம், கம்பெனி போட வேண்டியிருந்தது 500. தொடங்கியபோது முழுநேரம் படிக்கிற மாணவருக்கு அதில் இடமும் இருக்கவில்லை.

நம்ம மண்ணில் ஆலைக்குப் பஞ்சமில்லை. அரியலூரைச் சுற்றி டான்செம், டால்மியா, ராம்கோ, அல்ட்ராடெக், செட்டிநாடு என்று சிமென்ட் ஆலைகள். நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். எறையூரில் 2022 நவம்பரிலும் ஜெயங்கொண்டத்தில் 2024 நவம்பரிலும் காலணித் தொழிலுக்கு முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். சுண்ணாம்புக்கல் தூசியைச் சுவாசிப்பது நாம். ஒப்பந்தக் கூலியாக மூட்டை தூக்குவது நாம். கணக்கு அறைக்குள் நம்ம பிள்ளை எத்தனை பேர்? வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய இந்த ஆலைகளில் இடம் கேட்பதுதான் முதல் வேலை.

ஆகவே தம்பி, தங்கச்சி, போவதற்கு முன்னால் நாலு கேள்வி கேளுங்கள். பணம் கேட்கிறார்களா? கேட்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். உதவித்தொகை உண்டா? இழக்கிற கூலியையும் ஆகிற செலவையும் அதோடு வைத்துக் கழித்துப் பாருங்கள். யார், என்ன கற்றுத்தருவார்கள்? ஜெராக்ஸ் எடுக்கவும் டீ வாங்கவும் அங்கே போக வேண்டியதில்லை. எழுத்தில் கொடுப்பார்களா? வாய்வார்த்தையை நம்பி ஏமாந்த சாதி நாம்.

உள்ளே போனால் கண்ணைத் திறந்து வையுங்கள். ஒரு மூட்டை சிமென்டின் அடக்கவிலை எப்படிப் போடுகிறார்கள்? லாரி யார் பெயரில் ஓடுகிறது? டீலர்ஷிப் யார் கையில்? கடன் யாருக்குக் கிடைக்கிறது? தமிழ்நாடு அரசு 2023இல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீத மூலதன மானியம் தருகிறது. தொழிலின் உள்விவரம் தெரிந்த கையில்தான் அந்த மானியம் முதலாக நிற்கும்.

தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துப் போய்வந்தால் மட்டும் இது தீராது. மாணவர் அமைப்புகள் மூன்று கோரிக்கைகளை எடுக்க வேண்டும். பாடத்திட்டம் கட்டாயமாக்கும் இன்டர்ன்ஷிப்புக்கு உதவித்தொகையும் கட்டாயம். இடம் பிடித்துத் தருவது கல்லூரியின் பொறுப்பு. பழகுநர் சட்டத்தில் உள்ள ஒதுக்கீடு இன்டர்ன்ஷிப்புக்கும் வேண்டும். ஒவ்வொரு ஆலையும் எத்தனை தலித் பழகுநர்களை எடுத்திருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் அரசிடம் கேட்டு மனுப் போடுவதை இந்தக் கோடையிலேயே தொடங்கலாம்.

கற்றுக்கொள்ளப் போவோம். வெட்டிக்குப் போக மாட்டோம்.