கூடாரத்தில் ஒரு மாமியார்!



மாயவரத்துச் சகோதரி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். வயது 61. சர்க்கரை உண்டு, முழங்கால் வலியும் உண்டு. மகன் அமெரிக்காவில், மினியாபொலிஸ் நகரத்தில் வேலை பார்க்கிறான். ஜூன் மாதம் இவர் அங்கே போகிறார். ஜூலையில் குடும்பத்தோடு 'இடாஸ்கா' என்ற ஏரிக்கரைப் பூங்காவில் மூன்று நாள் கூடாரம் அடித்துத் தங்குவதாக ஏற்பாடு. "காட்டிலே போய்ப் படுக்கிறதாவது! நான் போனால் அவர்களுக்குப் பாரம்தான். மருமகள் வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் முகம் சொல்கிறது. பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

போய் வாருங்கள் அம்மா! பழக்கமில்லாத ஊரில், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், பக்கத்தில் ஆளில்லாமல் மூன்று நாள் பூட்டிய வீட்டில் இருப்பதைவிடக் கூடாரம் எவ்வளவோ பத்திரம். இனிப்பு குறைந்து தலை சுற்றினால் ஒரு வாய் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கவாவது ஆள் இருக்கும்.

அது என்ன இடம் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பூங்கா என்றதும் ஊஞ்சலும் சிமெண்ட் பெஞ்சும் நினைவுக்கு வர வேண்டாம். 32,000 ஏக்கருக்கு மேல் காடு, அதற்குள் நூற்றுக்கும் அதிகமான ஏரிகள். மினசோட்டா மாநிலம் 1891ல் ஏற்படுத்திய முதல் மாநிலப் பூங்கா இது. அகண்ட மிஸிஸிபி நதி இங்கேயுள்ள இடாஸ்கா ஏரியிலிருந்துதான் புறப்படுகிறது. புறப்படும் இடத்தில் நம் ஊர் வாய்க்கால் அளவுதான் இருக்கும். முழங்கால் தண்ணீர்! குழந்தைகள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தே போகிறார்கள்.

அங்கே உள்ள பார்வையாளர் கூடத்துக்கு மேரி கிப்ஸ் என்ற பெண்ணின் பெயர் வைத்திருக்கிறார்கள். பூங்கா அதிகாரியாக இருந்த அவளுடைய தகப்பனார் 1903ல் இறந்தபோது, கவர்னர் அந்தப் பதவியை மகளுக்குக் கொடுத்தார். வயது 24. மரக் கம்பெனிக்காரர்கள் அணை கட்டித் தண்ணீரை உயர்த்தி, கரையோர மரங்களை மூழ்கடித்துக் கொண்டிருந்தார்கள். மதகைத் திற என்று இவள் நேரே போய் நின்றாள். துப்பாக்கியைக் காட்டி மிரட்டியும் நகரவில்லை! பதவியில் இருந்ததென்னவோ சில மாதங்கள்தான். இன்றைக்கு நாம் அண்ணாந்து பார்க்கிற அந்தப் பழைய பைன் மரங்களைப் பற்றிப் பேசும்போது அவள் பெயரைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதலில் மருமகளின் முகம். கடிதத்திலே முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல என்னால் ஆகாது. ஆனாலும் ஒரு சந்தேகம். மாமியார் வந்தால் காட்டிலும் மூன்று வேளை சாம்பாரும் ரசமும் வைக்க வேண்டியிருக்குமோ என்ற பயமாக ஏன் இருக்கக் கூடாது? அவளும் அடுப்படியை விட்டு வெளியே வரத்தானே போகிறாள்! ஆகவே நீங்களே முந்திக் கொள்ளுங்கள். "முதல் நாளைக்குப் புளியோதரையும், மறுநாளைக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் நான் கட்டி எடுத்து வருகிறேன். மற்றதை அங்கே பார்த்துக் கொள்ளலாம்" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறுகிறதா இல்லையா என்று. தயிர், பால் எல்லாம் ஐஸ் பெட்டிக்குள் இருக்கட்டும். சாயங்காலம் விறகு மூட்டிச் சோளக்கதிர் சுடுவதும், பாத்திரம் கழுவுவதும் மகனுடைய பொறுப்பு. (அங்கே ஆண்கள் இதற்கெல்லாம் கூச்சப்படுவதில்லை. நம் பிள்ளைகளும் படவேண்டாம்.) விறகை அங்கேயே வாங்க வேண்டும். வெளியிலிருந்து கொண்டு போனால் மரத்தை அரிக்கும் பூச்சிகளும் கூடவே வந்துவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். மழை வந்தாலும் குளிர் அடித்தாலும் ஸ்டவ்வையோ கரி அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டு வரவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். சாப்பாட்டுச் சாமானும் கூடாரத்துக்குள் வேண்டாம். அந்தக் காட்டில் கருங்கரடிகள் உண்டு. நமக்குப் பலகாரம் மட்டும்தான் வாசனை, கரடிக்கோ பற்பசை, தேங்காய் எண்ணெய் பாட்டில்கூட வாசனைதான்! எல்லாம் ராத்திரி காருக்குள் போய்விட வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் அதைப் பகலில் பூட்டிய காரில் விடாதீர்கள், வெயிலில் கெட்டுப் போகும். ஐஸ் பெட்டியிலும் ஐஸ் மேலேயே படும்படி வைக்க வேண்டாம். துணியில் சுற்றி வைப்பது நல்லது.

ஜூலை மாதம் என்றாலும் ராத்திரி 10 டிகிரி வரை இறங்குவது உண்டு. குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். அதனால் மேலே இரண்டு கம்பளி போர்த்திக் கொள்வதைவிடக் கீழே கனமான விரிப்பு போடுவதுதான் புத்திசாலித்தனம். முழங்கால் வலிக்காரர் தரையில் படுத்தால் காலையில் எழுந்திருப்பதே ஒரு வேலையாகிவிடும். மடக்குக் கட்டில் ஒன்று வாங்கச் சொல்லுங்கள். அதுவும் முடியாதென்றால் பூங்காவுக்குள்ளேயே மரக் கேபின்கள் வாடகைக்கு உண்டு, ஆனால் மாதக்கணக்கில் முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும்.

அடுத்து, நாம் வெளியே சொல்லாத சங்கடம். ராத்திரியில் கழிப்பறைக்கு நடக்க வேண்டுமே என்று பயந்து, சாயங்காலம் முதல் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவது நம் பெண்களின் வழக்கம். சர்க்கரை உள்ளவர்களுக்கு நீர்க்கடுப்பு வர இதைவிட வேறு வழி வேண்டியதில்லை. கூடாரம் போடும் இடத்திலேயே நல்ல கழிப்பறையும் வெந்நீர்க் குளியலும் இருக்கின்றன. அதற்குப் பக்கத்து இடமாகப் பார்த்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். டார்ச் லைட் தலைமாட்டில் இருக்கட்டும். ராத்திரி ஏரியிலிருந்து யாரோ ஓலமிடுவது போலக் கேட்டால் பயப்பட வேண்டாம். அது லூன் என்கிற நீர்ப்பறவை. மினசோட்டாவின் மாநிலப் பறவையே அதுதான்!

நடப்பதற்கு இப்போதிருந்தே பழகுங்கள். தினம் காலையில் 20 நிமிடம், ஷூ போட்டுக் கொண்டு. செருப்பு அங்கே உதவாது. நதி புறப்படும் இடத்துக்குப் போகும் பாதை சமமானது, சில நிமிட நடைதான். தண்ணீரில் இறங்கினால் கற்களின் மேல் ஏறாதீர்கள், வழுக்கும். பேரன் கையைப் பிடித்துக் கொண்டு கற்களுக்குக் கீழ்ப்பக்கமாக ஓடையில் நடந்தால் போதும். நூறு அடி உயரத்தில் ஒரு காவல் கோபுரம் இருக்கிறது. அதை அவர்கள் ஏறட்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குக் கெடுதல்.

கரடியைவிட நான் பயப்படுவது உண்ணிக்குத்தான். மாட்டு உண்ணி பார்த்திருப்பீர்கள். இது அதைவிடச் சிறிது. குஞ்சு உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். லைம் என்ற நோயைப் பரப்புவது இதுதான். புடவை வேண்டாம். வெளிர் நிறத்தில் சல்வாரோ பேண்ட்டோ போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக் கொள்ளுங்கள். பாதையை விட்டுப் புல்லில் இறங்காதீர்கள். தினம் மாலை அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம், தலைமுடி எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கும்தான். இதற்கு மருமகளும் நீங்களும் ஒருவருக்கொருவர் துணை!

ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய், சூடு எதுவும் வைக்காதீர்கள். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஒரு நாளைக்குள் எடுத்துவிட்டால் பெரும்பாலும் நோய் தொற்றுவதில்லை.

அப்படியும் 3 முதல் 30 நாளைக்குள் வட்டமாகப் பரவுகிற தடிப்போ, காய்ச்சலோ, மூட்டு வலியோ வரலாம். நம் நிறத்தில் அந்தத் தடிப்பு சிவப்பாகத் தெரியாமல் கன்றிப்போனது போல் தெரியும். வலியோ அரிப்போ அதிகம் இராது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மாத்திரைகளிலேயே குணமாகிவிடும். அதற்குள் நீங்கள் மாயவரம் திரும்பியிருந்தால்? காய்ச்சல் என்றதும் நம் டாக்டருக்கு டெங்குவும் சிக்குன்குனியாவும்தான் முதலில் நினைவுக்கு வரும். "மினசோட்டாக் காட்டில் தங்கினேன், உண்ணி கடித்தது" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். உண்ணியை எடுத்த தேதியை மருந்துச் சீட்டின் பின்னால் குறித்து வையுங்கள்.